ஐந்து மணிக்குள் ஒரு படம்

கணவன்: இதைப் பிடுங்கட்டுமா?

மனைவி: எதை?

கணவன்: இந்தக் கறுப்பு வயரை.

மனைவி: முக்காவாசி கறுப்புதாங்க. எந்தக் கறுப்பு?

கணவன்: தடியா இருக்கே... நடுவுல செங்கல் மாதிரி ஒண்ணு தொங்குது...

மனைவி: அது பெரிய ஸ்கிரீனோடது. பிடுங்குங்க.

கணவன்: பிடுங்கிட்டேன். ஆனா வெளிய வரமாட்டேங்குது. இன்னொண்ணு இதைச் சுத்திக்கிட்டு இருக்கு.

மனைவி: அது ஹெட்போன்.

கணவன்: மேஜைக்கு மேல இருக்கிற ஹெட்போன் எப்படிம்மா கீழ வந்து இதைச் சுத்தும்? யாராவது உட்கார்ந்து பின்னினாதான் உண்டு.

மனைவி: நான்தான் பின்னினேன்.

கணவன்: நல்லா இருக்கு.

மனைவி: நிஜமாத்தான் சொல்றேன். காதுல மாட்டிக்கிட்டு உட்காருவேன். உங்க அம்மா மணி அடிப்பாங்க. கழட்டி வச்சுட்டு ஓடுவேன், நாற்காலி ஒரு பக்கம் சுத்தும். திரும்பி வந்து வேற பக்கமா நுழைஞ்சு உட்காருவேன். மாட்டினதும் மறுபடி மணி. நாள் முழுக்க இப்படிச் சுத்தினா வயர் என்ன செய்யும், அதுவும் சுத்தும்.

மாமியார்: எனக்குக் கேட்குது!

மனைவி: கேட்கட்டும்னுதான் சொல்றேன் அத்தை. தண்ணி வேணுமா?

மாமியார்: வேணாம். நீங்க உங்க வேலையைப் பாருங்க. இடுப்புதான் உடைஞ்சிருக்கு, காதுக்கு ஒண்ணும் ஆகலைன்னு சொன்னேன்.

கணவன்: அம்மா, நீ கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படுத்துக்கயேன்.

மாமியார்: மூடித்தான்டா படுத்திருக்கேன். வேற என்ன வேலை எனக்கு.

கணவன்: சரி... இந்த வெள்ளை வயர்?

மனைவி: ஐயோ, அதைத் தொடாதீங்க! அது அத்தையோட காத்து மெத்தை.

கணவன்: அது எதுக்கு உன் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல இருக்கு?

மனைவி: உள்ரூம் பிளக்குல புகை வந்துச்சே, மறந்துட்டீங்களா? எலக்ட்ரீஷியனைக் கூட்டிட்டு வரேன்னு சொன்னீங்களே?

கணவன்: சொன்னேன்...

மனைவி: அதுக்கப்புறம்தான் கதவுக்கடியில வயரை இழுத்து இதுல செருகினேன். மெத்தைக்குக் காத்து நின்னா முதுகுல புண்ணு வந்துடும்.

கணவன்: எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல.

மனைவி: சொன்னேன். நீங்க போன்ல இருந்தீங்க. தலையாட்டினீங்க.

கணவன்: சரி சரி. ஆரம்பிக்காத. மணி என்ன?

மனைவி: மூணரை.

கணவன்: அஞ்சு மணிக்குள்ள படம் போகணும்ல? அவன் என்னதான் கேட்டிருக்கான், இன்னொரு தடவை சொல்லு.

மனைவி: எவன்?

கணவன்: உங்க ஆபீஸ்ல அந்தப் பாதுகாப்பு ஆளு.

மனைவி: அவன் இல்ல, அவங்க. வீட்டுல உட்கார்ந்து வேலை பார்க்கிறவங்க எல்லாரும் மேஜையையும் மேஜைக்கடியையும் படம் எடுத்து அனுப்பணும். தரையில வயர் கிடக்கக் கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல இன்னொரு பாக்ஸைச் செருகக் கூடாது. நாற்காலிச் சக்கரத்துக்குக் கீழ எதுவும் இருக்கக் கூடாது.

கணவன்: அதாவது நம்ம மேஜை மாதிரி இருக்கக் கூடாது.

மனைவி: கிட்டத்தட்ட.

கணவன்: பிடிக்கலைன்னா?

மனைவி: ஆபீஸுக்கு வந்து உட்காருன்னுடுவாங்க.

கணவன்: அதெப்படி முடியும்? நீ போயிட்டா அம்மாவை யார் பார்த்துக்கறது? காலைல வர்ற அந்தம்மா குளிப்பாட்டி, துணி மாத்திட்டு ஒன்பதரைக்கெல்லாம் கிளம்பிடறாங்க. அதுக்கப்புறம்?

மனைவி: அதான்.

கணவன்: என்ன அதான்?

மனைவி: அதான்னு சொன்னேன். அந்த வயரைக் கொடுங்க, நான் உருவறேன்.

கணவன்: இதுக்குத்தான் அரை நாள் லீவு போட்டுட்டு ஓடி வந்தேன். தெரியுமா?

மனைவி: தெரியும். அத்தையை ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போகக் கேட்டப்போ கிடைக்காத லீவு, வயர் பிரிக்கக் கிடைச்சிருக்கு.

கணவன்: அன்னைக்கு நிஜமாவே மீட்டிங்.

மனைவி: நான் ஒண்ணும் சொல்லலையே.

கணவன்: சொல்லாம சொல்ற.

மனைவி: தும்மல் வருது... இவ்வளவு தூசியா இதுக்குள்ள... ஆங்... போயிடுச்சு.

கணவன்: சரி, எல்லாத்தையும் பிடுங்கியாச்சு. உன் காலுக்கடியில இருக்கே, தையல் மெஷின் மாதிரி, அதைத் தவிர.

மனைவி: பெடலா? அதையும் எடுத்துடுங்க. பையில போட்டுடலாம்.

கணவன்: அது இல்லாம எப்படி வேலை செய்வ? சினிமாவுல பேசறதைக் கேட்டுக்கிட்டே டைப் அடிக்கணும், காலால நிறுத்தணும், காலால ஓட்டணும்னு சொல்லுவியே.

மனைவி: ஆமா. கீழ எழுத்தா ஓடுதே, அதை வேற எப்படி அடிக்கிறதாம்.

கணவன்: அப்போ பெடலை எங்க வைக்கிறது?

மனைவி: பையிலதாங்க. படம் எடுக்கற வரைக்கும்.

கணவன்: சரி, உன் இஷ்டம். இப்போ ஒவ்வொண்ணுக்கும் பேரு ஒட்டணும். டேப் இருக்கா?

மனைவி: டேப் எங்க இருக்கு இந்த வீட்டுல? பிளாஸ்திரிதான் இருக்கு. அத்தை கட்டில் பக்கத்துல முழு ரோலா இருக்கும், எடுத்துட்டு வாங்க.

கணவன்: அம்மா, பிளாஸ்திரி எங்க?

மாமியார்: உன் மூக்குக்கு நேரா.

கணவன்: கிடைச்சுது... இதுமேல பேனாவால எழுதிடலாமா? ஸ்கிரீன் ஒண்ணு, ஸ்கிரீன் ரெண்டு...

மனைவி: எழுதுங்க. லேப்டாப்னு ஒண்ணு. விளக்குன்னு ஒண்ணு.

கணவன்: பார்க்க அடிபட்ட வயர் எல்லாம் ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற மாதிரி இருக்கு.

மனைவி: இந்த வீட்டுக்குப் பொருத்தமாத்தான் இருக்கும்.

கணவன்: கட்டறதுக்கு?

மனைவி: அத்தை கையில முன்னாடி மாட்டியிருந்த பட்டை இருக்கே, கரகரன்னு ஒட்டுமே, அதை நாலா வெட்டினா போதும்.

மாமியார்: அது என்னோடது!

மனைவி: உங்க கைதான் சரியாயிடுச்சே அத்தை.

மாமியார்: மறுபடி விழுந்தா?

மனைவி: விழாதீங்க. கும்பிட்டுக் கேட்டுக்கறேன்.

மாமியார்: நான் வேணும்னா விழுந்தேன்? சரி, வெட்டிக்கோ. ஒரு துண்டு மட்டும் மிச்சம் வை.

கணவன்: இந்த பாக்ஸைத் தரையிலயே விடக் கூடாதுன்னா, மேஜைப் பலகைக்கு அடியிலேயே ஒட்டிடலாம். ரெண்டு பக்கமும் ஒட்டற டேப் என் பையில இருக்கு. ஆபீஸ்லேர்ந்து வரும்போதே வாங்கிட்டு வந்தேன்.

மனைவி: பரவாயில்லையே. ரொம்பத்தான் அக்கறை.

கணவன்: பின்ன? கிடைக்கணும்ல அனுமதி. எந்தப் பக்கம் ஒட்டட்டும்? இடது பக்கமா, வலது பக்கமா?

மனைவி: நீங்க எந்தக் கையால பிளக்கைச் செருகுவீங்க?

கணவன்: நானா? என் கையை எதுக்குக் கேட்கற?

மனைவி: சும்மாதான்.

கணவன்: வலது கை. எல்லாரும் வலது கைதான்.

மனைவி: அப்போ வலது பக்கம்.

கணவன்: நீ இடது கைக்காரியாச்சே...

மனைவி: பழகிக்கலாம். ஒட்டுங்க.

கணவன்: சரி... சுவத்துலேர்ந்து மெயின் பிளக்கைக் கழட்டினாத்தான் தூக்க முடியும்... ஆச்சு. பிடி. மேல தூக்கு. இன்னும்... இன்னும் கொஞ்சம்...

மனைவி: கை வலிக்குது.

கணவன்: கொஞ்சம் பொறு. இது நல்லா பிடிச்சுக்கணும், இல்லைன்னா நடு ராத்திரி டமால்னு விழும்.

மனைவி: அழுத்துங்க சீக்கிரம்.

கணவன்: அழுத்தறேன்... கையை எடுத்துடாத... டேப்புல போட்டிருக்கு, கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டே இருக்கணுமாம்.

மனைவி: எவ்வளவு நேரம்?

கணவன்: அது கிழிஞ்ச இடத்துல எழுதியிருக்கு.

மனைவி: பிரமாதம்.

கணவன்: இப்படி ரெண்டு பேரும் ஒரே மேஜைக்கடியில உட்கார்ந்து எவ்வளவு நாளாச்சு, இல்ல?

மனைவி: எந்தக் காலத்துல உட்கார்ந்தோம்?

கணவன்: இல்ல... ஒரே இடத்துலன்னு சொல்ல வந்தேன்.

மனைவி: ஆமா. நீங்க வர்ற நேரத்துக்கு எனக்குப் பேசவே தெம்பிருக்காது. சாப்பாடு எடுத்து வச்சுக்கிட்டே தூங்கிடறேன்.

கணவன்: எனக்கும்தான் அலுப்பா இருக்கு.

மனைவி: இல்லைன்னு யார் சொன்னா.

கணவன்: அலுப்புல போட்டி வேணாம். நீதான் ஜெயிப்ப.

மனைவி: அத்தை சத்தத்தையே காணோம். தூங்கிட்டாங்களா?

கணவன்: நல்லதுதானே.

மனைவி: அத்தை?

மாமியார்: இருக்கேன்.

மனைவி: என்ன ஒரு மாதிரி பேசறீங்க? குரல் கீழேர்ந்து வருது.

மாமியார்: கீழதான் போயிட்டிருக்கேன். மெத்தை இறங்கிடுச்சு. கட்டில் பலகை முதுகுல குத்துது.

மனைவி: ஐயையோ! பாக்ஸைக் கழட்டினோமே!

கணவன்: அடச்சே!

மனைவி: விடுங்க, அதைச் செருகுங்க முதல்ல!

கணவன்: எதுல? பாக்ஸ் இன்னும் ஒட்டலையே...

மனைவி: நேரா சுவத்துல செருகுங்க! வெள்ளை, வெள்ளை வயரு! அது இல்லைங்க, அது விளக்கு!

கணவன்: ரெண்டும் வெள்ளையா இருக்கு!

மனைவி: பேரு எழுதினீங்களே!

கணவன்: இதுக்கு எழுதலை... செருகிட்டேன். அம்மா, ஊதுதா?

மாமியார்: ஊதுது. மெதுவாத்தான்.

கணவன்: ஏம்மா, மணி அடிக்க வேண்டியதுதானே? கையிலதானே இருக்கு?

மாமியார்: மணி அடிச்சா எழுந்து ஓடணும்னு இப்பதானே சொன்னா. அடிக்க மனசு வரலை.

மனைவி: அத்தை... அதுக்காக இப்படியா? முதுகு வலிக்குதா? வரட்டுமா?

மாமியார்: வராத. உட்காரு. மெத்தை தானா மேல வரும்.

மனைவி: இனிமே அடிங்க. திட்டினாலும் அடிங்க. அது வேற, இது வேற.

மாமியார்: தெரியும்டி.

கணவன்: பார்த்தியா... இந்தச் சின்ன விஷயத்துக்கே ஆள் வேணும். நீ ஆபீஸ் போயிட்டா என்ன ஆகியிருக்கும்?

மனைவி: நான் போயிருந்தா யாரும் பாக்ஸைக் கழட்டியிருக்க மாட்டாங்க.

கணவன்: பேச்சுக்குப் பேச்சு... நான் எதுக்குச் சொல்றேன்னா, உனக்குக் கிடைச்ச வசதியை விடக் கூடாது. எங்க ஆபீஸ்ல எல்லாம் வீட்டுலேர்ந்து வேலைங்கற பேச்சுக்கே இடமில்ல.

மனைவி: இல்லையா?

கணவன்: வாயைத் திறந்தாலே முறைப்பாங்க.

மனைவி: ம்.

மாமியார்: க்கும்.

கணவன்: என்னம்மா, இருமலா?

மாமியார்: தொண்டையில ஏதோ.

மனைவி: பாக்ஸ் ஒட்டிக்கிச்சு. கையை எடுக்கறேன்.

கணவன்: எடு... நிக்குது! இப்போ ஒவ்வொண்ணாக் கொடு. ஸ்கிரீன் ஒண்ணு.

மனைவி: இந்தாங்க.

கணவன்: ஸ்கிரீன் ரெண்டு... லேப்டாப்... மிச்ச வயரை மடிச்சுப் பட்டையில கட்டு. மேஜைக் காலோட சேர்த்து... அப்படித்தான். விளக்கு... தரையில ஏதாவது கிடக்கா?

மனைவி: ஒண்ணும் இல்ல. உங்க முட்டிதான் இருக்கு.

கணவன்: மெத்தை வயர்?

மனைவி: அது தனியா சுவத்துலயே இருக்கட்டும். ஓரமா, கதவு வரைக்கும் பிளாஸ்திரி போட்டு ஒட்டிட்டேன்.

கணவன்: கையைக் கொடு, எழுந்திருக்கணும்... ஆ... இடுப்பு.

மாமியார்: வாடா, பக்கத்துல ஒரு கட்டில் போடலாம்.

கணவன்: சிரிக்காதம்மா. ஏய், இங்க வந்து நின்னு பாரேன். நம்ம மேஜைதானா இது?

மனைவி: அழகா இருக்கு.

கணவன்: தரை தெரியுது! இங்க டைல்ஸ்ல பூ இருக்கிறதே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்.

மனைவி: நல்லா செஞ்சீங்க. நிஜமாத்தான் சொல்றேன்.

கணவன்: மணி நாலே முக்கால். போனை எடு. படம் எடுத்து அனுப்பு.

மனைவி: காபி போடட்டுமா?

கணவன்: அனுப்பிட்டுப் போடு.

மனைவி: குடிச்சுட்டு நிதானமா...

கணவன்: நிதானமாவா? கால் மணி நேரம்தான் இருக்கு. நகரு, நானே எடுக்கறேன்... மேல ஒண்ணு... கீழ குனிஞ்சு ஒண்ணு... அருமை. உனக்கு அனுப்பிட்டேன். அப்படியே உங்க ஆபீஸ் அம்மாவுக்குத் தட்டி விடு.

மனைவி: வேணாங்க.

கணவன்: என்ன வேணாம்? படம் நல்லா இல்லையா?

மனைவி: படம் காலையிலேயே போயிடுச்சு.

கணவன்: எந்தப் படம்?

மனைவி: மேஜைப் படம். காலையில எப்படி இருந்துச்சோ அப்படியே எடுத்து அனுப்பினேன்.

கணவன்: அந்தக் குப்பையையா? உனக்கென்ன பைத்தியமா?

மனைவி: பதிலும் வந்துடுச்சு. திங்கட்கிழமைலேர்ந்து ஆபீஸுக்கு வரச் சொல்லிட்டாங்க.

கணவன்: இரு, இரு. இப்ப ஒண்ணும் கெட்டுப் போகலை. புதுப் படத்தை அனுப்பி, தப்பா போயிடுச்சுன்னு சொல்லு.

மனைவி: தப்பா போகலைங்க. நான் பார்த்து, வெளிச்சம் போட்டு, சிக்கு நல்லாத் தெரியற மாதிரி எடுத்தேன்.

கணவன்: ஏன்?

மனைவி: எனக்கு ஆபீஸ் போகணும்.

கணவன்: என்ன திடீர்னு...

மனைவி: திடீர்னு இல்ல. பஸ்ல இடம் கிடைக்காம நின்னுக்கிட்டுப் போகணும். ஒரு வாக்கியத்தை ஆரம்பிச்சா அதை முடிச்சுட்டுத்தான் எழுந்திருக்கணும். யாருன்னே சரியாத் தெரியாதவங்களோட கைகழுவற இடத்துல நின்னு வெட்டியாப் பேசணும். என்னால முடியலைங்க. அத்தை மேல எனக்குக் கோபம் கிடையாது. அவங்களைக் கேளுங்க. ஆனா என்னால முடியலை.

கணவன்: முடியலைன்னா எங்கிட்ட சொல்லணும். இப்படியா, பின்னாடி போயி... அம்மாவைப் பத்தி யோசிச்சியா? பகல் முழுக்கத் தனியாப் படுத்திருக்கணுமா? அம்மா, கேட்டியா உன் மருமக செஞ்ச காரியத்தை?

மாமியார்: கேட்டேன். அனுப்பறதுக்கு முன்னாடி எங்கிட்ட காட்டிட்டுத்தான் அனுப்பினா.

கணவன்: என்னது?

மாமியார்: இன்னும் கிட்ட போயி எடுன்னு நான்தான் சொன்னேன்.

கணவன்: ரெண்டு பேருமா சேர்ந்து என்னை...

மாமியார்: போன வாரம் உங்க ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு எனக்குப் போன் பண்ணிச்சுடா. உன் போன் எடுக்கலையாம். அவசரத்துக்குன்னு என் நம்பரைக் கொடுத்திருக்கியாமே.

கணவன்: எந்தப் பொண்ணு? என்ன கேட்டுச்சு?

மாமியார்: அம்மா விழுந்துட்டாங்க, வீட்டுலேர்ந்து வேலை பார்க்கறேன்னு நீதான் கேட்டியாம். அவங்களும் எப்பவோ சரின்னுட்டாங்களாம். என்னைக்கு ஆரம்பிக்கறார், வேணுமா வேணாமான்னு ஒரு பதிலும் காணோமேன்னு கேட்டுச்சு. பெத்த பிள்ளையைக் காட்டிக் கொடுக்கறதான்னு ரெண்டு நாள் மென்னு முழுங்கினேன். மூணாவது நாள் இவ என் கால் பக்கத்துல உட்கார்ந்தபடியே தூங்கிட்டா. எழுந்ததும் சொல்லிட்டேன்.

கணவன்: கேட்டது நிஜம்தாம்மா. கேட்கறப்போ செய்யணும்னுதான் கேட்டேன்.

மனைவி: அப்புறம்?

கணவன்: அப்புறம் உன்னைப் பார்த்தேன். மணி அடிக்கிறதும், நீ ஓடறதும், திரும்பி வந்து உட்காரறதும்... பயந்துட்டேன். காலையில படி இறங்கும்போது எனக்கு மூச்சு வருது. அதை விட மனசு வரலை.

மனைவி: எனக்கும் அதே படிதாங்க.

கணவன்: தெரியும்.

மனைவி: தெரிஞ்சும்...

கணவன்: தெரிஞ்சும்தான். திட்டு. திட்டிடு.

மனைவி: திட்டத் தெம்பில்ல.

கணவன்: காலையிலேயே எல்லாம் முடிஞ்சு போச்சுன்னா, என்னை எதுக்கு இவ்வளவு நேரம் மேஜைக்கடியில போட்டுத் தூசியைத் தின்ன வச்ச?

மனைவி: திங்கட்கிழமைலேர்ந்து நீங்க உட்காரப் போற இடமாச்சே... கொஞ்சம் சுத்தமா இருக்கட்டுமேன்னுதான்.